பழைய கொட்டை மாமரத்தை வெட்டலாமா, வைத்துக்கொள்ளலாமா?

9 மார்ச் 2022, வாசகர் ஒருவரின் கேள்வி

"தாத்தா கொட்டை போட்டு வளர்த்த மாமரங்கள் ஏழு நிற்கின்றன. பழம் சிறிது, நார், பாதி கொட்டைதான். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நன்றாக ஓடுகிற ஒரே இரகத்தில் ஒட்டுக்கன்று வைத்துவிடலாம் என்கிறான் தம்பி. பருவம் மாறிக்கொண்டே போகிறது, நாட்டு இரகம்தான் தாங்கும், வெட்டாதே என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். இதில் விஷயம் இருக்கிறதா, இல்லை பழைய மரத்தின் மேல் உள்ள பாசம்தானா?"

9 மார்ச் 2022, இரவு

வெட்டாதீர்கள். விஷயம் இருக்கிறது. எங்கள் தோட்டத்தின் வடக்கு மூலையில் ஒரு கொட்டை மரம் உண்டு. மூலைமரம் என்போம், வேறு பெயர் கிடையாது. இரண்டு கோடை தொடர்ந்து மழை ஏமாற்றியபோது நாங்கள் வாங்கி வைத்த ஒட்டு மரங்களெல்லாம் மத்தியானத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன, மூலைமரம் மட்டும் ஒன்றும் நடக்காதது போலத் தளிர் விட்டது. ஒட்டுக்கன்றின் ஆணிவேர் பைக்குள்ளேயே வளைந்து வீணாகிவிடுகிறது, கொட்டை விழுந்த இடத்திலேயே முளைத்த மரத்துக்கு வேர் பாதாளம் வரை போகும். நாட்டு இரகம் வறட்சி தாங்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

(பிற்சேர்க்கை: இந்தக் குறிப்பை அழிக்காமல் விட்டிருக்கிறேன். ஏனென்று 2023 ஜூன் குறிப்பில் தெரியும்.)

10 மார்ச் 2022

நேற்று அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். தம்பி சொன்னதில் எனக்கு உறுத்துவது ஒட்டுக்கன்று இல்லை, "ஒரே இரகம்" என்பதுதான்.

வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 வாக்கில் ஏற்றுமதி வாழை என்றால் குரோ மிஷல் என்ற ஒரே இரகம். கன்றிலிருந்து கன்று எடுத்துப் பெருக்கியதால் கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் எல்லாம் ஒரே செடிதான். பனாமா வாடல் என்ற மண் பூஞ்சை ஒன்றைச் சாய்க்கத் தெரிந்துகொண்டதும் எல்லாவற்றையும் சாய்க்கத் தெரிந்துகொண்டது. 1960களில் பெருந்தோட்டங்கள் அதைக் கைவிட்டு கேவண்டிஷுக்கு மாறின. பாடம் படித்தார்களா? கேவண்டிஷும் அதே கதை, ஒரே செடியின் நகல்கள். அந்தப் பூஞ்சையின் இன்னொரு வகை, டி.ஆர்.4 என்பார்கள், இப்போது கேவண்டிஷையே பிடிக்கிறது. 2019-ல் கொலம்பியா வரை வந்துவிட்டது.

11 மார்ச் 2022

"அது நோய், வெயிலுக்கும் மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கு ஒன்றுதான். ஒரே இரகத்தில் நூறு மரம் என்றால் நூறும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் பூக்கும். அந்த வாரம் பருவம் தப்பிய மழை வந்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போகும், ஈரத்தில் பூக்கருகல் பிடிக்கும், தோட்டம் முழுக்க அந்த வருடத்துக்குக் கும்பிடு. ஐந்து இரகம் இருந்தால் பூப்பது மூன்று நான்கு வாரத்துக்குப் பரவியிருக்கும். எல்லாவற்றையும் ஒரே மழை பிடிக்காது. இதில் மாயம் ஒன்றும் இல்லை.

14 மார்ச் 2022

ஒட்டு மரம் என்றால் என்ன என்பதிலேயே குழப்பம் இருப்பதாகத் தெரிகிறது. ஒரு மரத்தின் குச்சியை இன்னொரு கன்றின் தண்டில் பொருத்தி ஒட்டுக் கட்டினால் கிடைப்பது குச்சி கொடுத்த அந்த மரத்தின் பிள்ளை இல்லை, அதே மரம். இங்கிலாந்தில் பிராம்லி என்ற ஆப்பிள், சவுத்வெல் ஊரில் 1809-ல் போட்ட ஒரு விதையிலிருந்து வந்தது. இன்று உலகத்தில் உள்ள பிராம்லி மரமெல்லாம் அந்த ஒன்றின் கிளைதான் என்று சொன்னால் தப்பில்லை. தசேரி மாம்பழமும் அப்படி, லக்னோ பக்கம் தசேரி கிராமத்தில் தாய்மரம் என்று இன்றும் ஒன்றைக் காட்டுகிறார்கள்.

கொட்டை போட்டு வந்த மரம் வேறு கதை. ஒவ்வொன்றும் தனி ஆள். உங்கள் தாத்தாவின் ஏழு மரமும் ஏழு இரகம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டினால் அந்த ஏழும் உலகத்தில் வேறெங்கும் இல்லை. நிறுத்திவைத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை (ஏழில் ஐந்து எதற்கும் உதவாததாகவும் இருக்கலாம்), ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு வருடமாவது எது எப்போது பூக்கிறது, எதில் பிஞ்சு நிற்கிறது, பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி எதை அதிகம் பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

2 ஏப்ரல் 2022

அடுத்தவருக்கு அறிவுரை சொன்ன கையோடு நானும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று மூலைமரத்திலிருந்து 20 குச்சி எடுத்து, பைக்கன்றுகளில் ஒட்டுக் கட்டியிருக்கிறேன். வளரட்டும்.

27 ஏப்ரல் 2022

வளரவில்லை. இருபதும் கருகிவிட்டது. ஏப்ரல் வெயிலில் மா ஒட்டுக் கட்டியது யார் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

30 ஏப்ரல் 2022

"ஒட்டெல்லாம் எதற்கு, விதையைச் சேர்த்து வைத்தால் போதாதா, ஸ்வால்பார்டில் உலக விதைப் பெட்டகம் இருக்கிறதே" என்று ஒருவர். இருக்கிறது. நார்வேயின் வடகோடித் தீவில் 2008-ல் திறந்தார்கள், பனிமலைக்குள் குடைந்த அறை, மைனஸ் 18 டிகிரி, 11 லட்சத்துக்கும் மேல் விதை மாதிரிகள். நெல்லுக்கும் கோதுமைக்கும் அது சரி. மாங்கொட்டையைக் காயவைத்துக் குளிரில் போட்டால் செத்துவிடும். பலா, ரம்புட்டான், துரியன் எல்லாம் அந்த ரகம்தான், ஈரம் போனால் உயிர் போய்விடும். மாங்கொட்டையை மரநிழலில் ஒரு மாதம் மறந்துவிட்டு வந்து போட்டுப் பாருங்கள், எத்தனை முளைக்கிறது என்று.

அது ஒரு பக்கம். விதையே காய்ந்து உறையக்கூடிய ஆப்பிளிலும், விதையைச் சேமித்தால் இரகம் சேமித்ததாகாது, அதன் பிள்ளைகளைச் சேமித்ததாகத்தான் ஆகும். அதனால் பழ மரம் என்றால் மரமாகவே நிறுத்த வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் பிராக்டேல் தோட்டத்தில் ஆப்பிள் மட்டும் 2,000 இரகத்துக்கு மேல் இருக்கிறது, எல்லாம் மரமாக. மரமாக என்றால் நிலம் வேண்டும், நிலம் என்றால் யாராவது கண் வைப்பார்கள். ரஷ்யாவில் பாவ்லோவ்ஸ்க் என்ற இடத்தில் விதை சேர்த்த ரஷ்ய விஞ்ஞானி வாவிலோவ் காலத்திலிருந்து வரும் பழ மரத் தொகுப்புக்கு 2010-ல் வீடு கட்டும் திட்டத்தால் ஆபத்து வந்தது, உலகம் முழுக்க விஞ்ஞானிகள் கூச்சல் போட வேண்டியிருந்தது.

நாம் தின்னும் வாழைக்கு முளைக்கிற விதையே கிடையாது. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் 1985-லிருந்து ஒரு தொகுப்பு வைத்திருக்கிறார்கள், 1,600-க்கும் மேல், எல்லாம் கண்ணாடிக் குழாயில் விரல் நீளச் செடியாக, 16 டிகிரியில் மெதுவாக வளரவிட்டு. காப்புக்கு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் ஒரு பிரதி. நல்ல வேலை. ஆனால் குழாய்க்குள் இருக்கும் வாழைக்கு வெளியே இந்த வருடம் அடித்த காற்று தெரியாது.

3 மே 2022

மேலே எழுதிய கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு "அப்போ குழாய் வேண்டாமா" என்கிறார்கள். வேண்டும். புயலில் தோட்டமே போனால் குழாயிலிருந்துதான் திரும்ப எடுக்க வேண்டும். நான் சொன்னது இரண்டும் வேண்டும் என்று. அழகாக ஒரு வரி எழுதினால் இதுதான் கதி.

17 ஜூலை 2022

இரண்டாவது முறை. இந்தத் தடவை அசட்டுத்தனம் இல்லாமல் நாற்றங்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டச் சொன்னேன்.

வந்தவர் முதலில் கேட்டது, "குச்சியை எப்போ மொட்டை அடிச்ச?" என்று. மொட்டையா? அங்கேதான் ஏப்ரலில் கோட்டைவிட்டிருக்கிறேன். பென்சில் பருமனுக்கு முற்றிய நுனிக்கிளையாகப் பார்த்து, பத்து நாள் முன்பே மரத்தில் இருக்கும்போதே இலையை நறுக்கிவிட வேண்டும், காம்பு மட்டும் நிற்கும்படி. ஒரு வாரத்தில் காம்புகள் தானாக உதிர்ந்து நுனிமொட்டு பருத்து நிற்கும், அப்போது வெட்ட வேண்டும். ஆக அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, இலை நறுக்கி, பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன். இன்றைக்கு வந்தார்.

பைக்கன்றின் தண்டு இன்னும் செம்பு நிறம் மாறாமல் இருக்க வேண்டும், பச்சை ஏறிவிட்டால் மென்தண்டு ஒட்டு பிடிக்காதாம். ஒரு சாண் உயரத்தில் தலையைச் சீவி, நடுவில் கத்தியை இறக்கி இரண்டு விரற்கடை பிளந்தார். குச்சியின் அடியை இரண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி, சீவிய இடத்தில் விரல் படாமல், பிளவில் செருகினார். குச்சி தண்டைவிடக் கொஞ்சம் மெலிது. நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக ஒட்டிவைத்தார், "ஒரு பக்கத்துத் தோலாவது தோலோட சேரணும்" என்றார். பாலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றி, தலையில் ஐஸ் குச்சிப் பையைத் தொப்பியாகக் கவிழ்த்து அடியில் கட்டினார். ஒன்றுக்கு இரண்டு நிமிடம். நான் கட்டியது ஒன்றுக்குப் பத்து நிமிடம், அதற்குள் குச்சியின் வெட்டு பழுப்பாகிவிடுகிறது.

இருபதில் அவர் கட்டியது 12, நான் 8.

11 ஆகஸ்ட் 2022

அவருடையதில் 11 துளிர்த்துவிட்டது. என்னுடையதில் 3. தொப்பிக்குள் நீர் கோத்து, அதற்குள் சிவப்பாக ஒரு சின்ன மூக்கு.

12 ஆகஸ்ட் 2022

ஒரே மாமரத்தில் 300 இரகம் ஒட்டிய, லக்னோ பக்கத்து மலிஹாபாத் கலிமுல்லா கான் மாதிரி நானும் செய்யலாமே என்று ஒருவர் ஊக்கம் தந்திருக்கிறார். பத்மஸ்ரீ (2008) வாங்கிய கையும் எட்டுக்கு மூன்று வாங்கிய கையும் ஒன்றா? தவிர, 300-ம் ஒரே அடிமரத்தில் நின்றால், அந்த அடிமரம் சாய்ந்தால் 300-ம் சாயும். அவர் திறமைக்கு என் கும்பிடு, நான் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறேன்.

22 ஜனவரி 2023

பூ. இந்த வருடம் நோட்டு போட்டு எழுதுகிறேன், மனதில் வைத்தால் மனம் தனக்குப் பிடித்ததைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

ஒட்டு மரங்கள் டிசம்பர் கடைசியில் மொத்தமாகப் பூத்தன. மூலைமரத்தில் கிழக்குக் கிளைகள் மட்டும் அப்போது பூத்தன. இன்று மேற்குப் பக்கம் புதிதாகப் பூங்கொத்து நீள்கிறது, உச்சியில் இன்னும் செந்தளிர். மா பூப்பதற்கு இரவுக் குளிர் உதவும், 20 டிகிரிக்குக் கீழே சில வாரம் இறங்கினால் மொட்டு பூவாகத் திரும்பும், குளிர் போதாத இடத்தில் தளிர் எவ்வளவு முற்றியது என்பதும் கணக்கில் வரும். மூலைமரம் பகுதி பகுதியாகத் தளிர் விடுகிற மரம், ஆகவே பகுதி பகுதியாகப் பூக்கிறது. வியாபாரத்துக்கு இது குறை. ஒரே தடவையில் பறித்து லாரி ஏற்ற முடியாது.

6 பிப்ரவரி 2023

மூன்று நாள் மூட்டம், இரண்டு நாள் மழை. ஒட்டு மரங்களின் பூங்கொத்துகள் கறுத்து, தட்டினால் பொடியாகக் கொட்டுகிறது. மூலைமரத்தின் கிழக்குப் பக்கமும் அதே கதி. மேற்குப் பக்கம் அப்போதுதான் மொட்டு, தப்பித்துவிட்டது.

19 ஜூன் 2023

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

கிணற்றிலிருந்து வடக்கே போகும் பழைய சிமெண்டு வாய்க்காலை இடித்துவிட்டுக் குழாய் போட ஆள் விட்டோம். மூலைமரத்துக்கு நாலு அடி தள்ளி வாய்க்காலின் அடித்தளத்தில் விரல் போகும் அளவுக்கு ஒரு விரிசல். அதற்குக் கீழே தோண்டினால் மண்ணே தெரியவில்லை, வேர், வெறும் சல்லிவேர், பாய் பின்னியது போல. மோட்டார் போட்ட நாளெல்லாம், அதாவது எத்தனையோ வருடமாக, மற்ற மரங்களெல்லாம் காய்ந்துகொண்டிருந்தபோது இவர் இங்கே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பாதாளம் வரை போகும் ஆணிவேர் என்று எழுதியவனின் முகத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆக "வறட்சி தாங்கும் நாட்டு இரகம்" என்று நான் சொன்னதற்கு ஆதாரம் பூஜ்யம். அந்த இரகம் தாங்காது என்றும் சொல்ல முடியாது. தெரியாது, அவ்வளவுதான். பழைய மரம் ஒன்று பிழைத்து நிற்கிறது என்றால் முதலில் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள், அப்புறம் இரகத்தைப் புகழலாம். ஊருக்கு ஊர் "எதையும் தாங்கும் மரம்" என்று காட்டுவதில் எத்தனை மரத்துக்கடியில் ஓட்டை வாய்க்கால் இருக்கிறதோ.

21 ஜூன் 2023

"அப்படியானால் தம்பி சொன்னது சரியா?" இல்லை! பிப்ரவரி மழையை மறந்துவிட்டீர்களா? இந்த வருடம் எங்கள் தோட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படி காய்த்தது மூலைமரத்தின் மேற்குப் பாதி மட்டும்தான். அதற்கு வாய்க்கால் காரணமில்லை (ஈரம் அதிகமானால் தளிர்தான் கூடும், பூ குறையும்). அது மரத்தின் குணம். தாங்கும் தாங்காது என்று மொத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டேன். எதை, எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும்.

8 ஆகஸ்ட் 2023

14 ஒட்டில் 10 பேர் மிஞ்சி, தோட்டத்தில் இறங்கிவிட்டார்கள். வாய்க்காலுக்கு ரொம்ப தூரத்தில். பெயர்ப்பட்டை பற்றி ஒரு விஷயம்: பிளாஸ்டிக் பட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதியது ஒரே கோடையில் வெள்ளையாகிவிட்டது. இப்போது அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். கம்பி தண்டை இறுக்காமல் தளர்வாக. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய இரகத்தை "ஏதோ மா" என்று ஆக்கப் பட்டை தொலைந்தால் போதும்.

13 நவம்பர் 2023

பெயர் என்றதும் ஞாபகம் வந்தது. ஒரே மரத்துக்கு இரண்டு பெயர், ஒரே பெயரில் மூன்று மரம் என்பது எல்லாப் பழத்திலும் உண்டு. மூன்று பேர் மூன்று "அரிய இரகம்" கொடுத்து, வளர்ந்தபின் மூன்றும் ஒன்று என்று தெரிந்தால் காப்பாற்றியது ஒன்றைத்தான். இப்போது மரபணுவைப் பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். வீட்டில் செய்ய முடிவது இலையைக் கசக்கி முகர்வது, தளிரின் நிறம், பூங்காம்பின் நிறம், கொட்டையின் வடிவம், நாரின் போக்கு. ஐந்தையும் எழுதி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

4 பிப்ரவரி 2024

மலைப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆப்பிள் பற்றிக் கேட்டிருந்தார். எனக்கு ஆப்பிள் கை பழக்கமில்லை, படித்ததைச் சொல்கிறேன். வழக்கமான ஆப்பிள் இரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1,200 மணி நேரம் வேண்டும், அது குறைந்தால் மொட்டு அரைகுறையாக விழிக்கும், ஒரு கிளை பூத்து இன்னொரு கிளை தூங்கும். ஆப்பிளுக்கு வேறு இரகத்தின் மகரந்தமும் வேண்டும், ஆகவே துணை மரம் ஒரு வாரம் முந்திப் பூத்துவிட்டால் இரண்டுக்கும் நஷ்டம். இமாச்சலில் குலு பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதிகளில் பலர் மாதுளைக்கு மாறிவிட்டார்கள், ஆப்பிள் கின்னௌர், லாஹௌல்-ஸ்பிதி என்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. மலைக்கு உச்சி ஒன்று உண்டே, அதற்கு மேல்?

இங்கே என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த குளிரில் காய்க்கும் ஆப்பிள் என்று இன்று பலரும் நடுவது அன்னா, சுமார் 300 மணி நேரம் போதும். அது பாட்டன் காலத்து நாட்டு இரகம் இல்லை, இஸ்ரேலில் இனச்சேர்க்கை செய்து உருவாக்கியது. பழசுதான் தாங்கும் என்பது ஒரு நம்பிக்கை. ஆனால் இனச்சேர்க்கை செய்கிறவருக்கு எங்கிருந்தோ மூலம் வேண்டும். கசகஸ்தானில் அல்மாட்டியைச் சுற்றிய மலைகளில் காட்டு ஆப்பிள் இருக்கிறது, மாலஸ் சீவர்சி, இன்றைய ஆப்பிளின் பாட்டி. வாவிலோவ் 1929-ல் அங்கே போய்ப் பார்த்து எழுதினார். உலகத்தின் விதைகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர், 1943-ல் சரட்டோவ் சிறையில் பட்டினியில் போனார். ஆப்பிளை விட்டு எங்கேயோ வந்துவிட்டேன். 1990களில் அமெரிக்கர்கள் அந்தக் காட்டிலிருந்து விதை கொண்டுபோய் ஜெனீவா (நியூயார்க் மாநிலத்து ஜெனீவா) தொகுப்பில் வளர்த்து, நோய் தாங்குவது எது என்று பொறுக்கியெடுக்கிறார்கள்.

12 மே 2024

கடும் கோடை. தோட்டத்தில் இறங்கிய 10 மூலைமரப் பிள்ளைகளும் (பிள்ளை இல்லை, அதே மரம், நானே சொன்னேன்) மத்தியானம் இலை சுருட்டுகின்றன. வாங்கிய ஒட்டுக்கன்றுகளும் சுருட்டுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. ஆக வறட்சி தாங்காத இரகம், முடிந்தது கதை.

13 மே 2024

முடியவில்லை. ராத்திரி படுத்தபின் தோன்றியது. நான் ஒட்டியது மூலைமரத்தின் தலையை. வேர் யாருடையது? நாற்றங்காலில் வாங்கிய ஏதோ கொட்டை முளைத்த பைக்கன்றுடையது. வறட்சியைத் தாங்குவதில் பெரும்பங்கு வேருடையது, அந்த வேரை நான் சோதிக்கவே இல்லை. பிரான்சில் 1860களிலிருந்து ஃபிலாக்செரா பூச்சி வேரைத் தாக்கித் திராட்சையை அழித்தபோது பழைய திராட்சையின் தலையை அமெரிக்கத் திராட்சையின் வேரில் ஒட்டித்தானே தப்பித்தார்கள்? தலை ஒரு ஆள், வேர் ஒரு ஆள். இது தெரிந்தும் இரண்டு வருடம் ஓட்டையான சோதனை செய்திருக்கிறேன்.

சரி, மூலைமரத்தின் கொட்டையைப் போட்டு வேரைச் சோதிக்கலாமே? மாவில் இரண்டு சாதி. தென்கிழக்கு ஆசிய மா பலவற்றில் ஒரே கொட்டையில் பல முளை வரும், அவற்றில் பெரும்பாலும் தாயின் அச்சு. இந்திய மா பெரும்பாலும் ஒற்றை முளை, அது கலப்பு, தாய் மாதிரி இருக்காது. போன வருடக் கொட்டைகளில் பத்தை ஓடு பிரித்து மணலில் வைத்திருந்தேன், பத்திலும் ஒரே முளை. ஆக இந்த மரத்தின் தலையை நகலெடுக்கலாம், வேரை நகலெடுக்க எனக்கு எளிய வழி இல்லை. அதன் வேருக்கு என்ன குணம் என்பது அதோடேயே போகும்.

செய்யக்கூடியது ஒன்று. நடவேண்டிய இடத்திலேயே கொட்டையைப் போட்டு, முளைத்து வந்தபின் அங்கேயே ஒட்டுக் கட்டுவது. ஆணிவேர் வளையாது. இந்த மழைக்கு ஆறு குழியில் அப்படிப் போடப் போகிறேன், ஒரு குழிக்கு மூன்று கொட்டை, நன்றாக இறங்குவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

2 செப்டம்பர் 2024

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். ஏழில் நாலை வெட்டிவிட்டாராம், தம்பியோடு சண்டை போட்டு மூன்றை வைத்திருக்கிறாராம். ஒன்று மே மாதம் எல்லாம் முடிந்தபின் பழுக்கிறது, இன்னொன்றில் தத்துப்பூச்சி அதிகம் வருவதில்லை, மூன்றாவதை நிழலுக்கு வைத்தேன் என்கிறார். நிழலும் காரணம்தான். வெட்டிய நாலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டுத்தானே வெட்டினார்.

தத்துப்பூச்சி வராத மரத்தில் குச்சி கேட்டிருக்கிறேன். இலை நறுக்கிவிட்டு பத்து நாள் கழித்து வெட்டுங்கள்!

5 செப்டம்பர் 2024

"இதையெல்லாம் யார் வேலை மெனக்கெட்டுச் செய்வது, விவசாயிக்கு என்ன லாபம்?" கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும் என்று தெரியும். லாபம் இல்லாமல் யாரும் இரண்டு தலைமுறைக்கு மரத்தை வைத்திருக்க மாட்டார்கள், அதை எதிர்பார்ப்பதும் அநியாயம். வழி இல்லாமல் இல்லை. கர்நாடகத்தில் ஒரு விவசாயியின் தோட்டத்தில் செம்பு நிறச் சுளை உள்ள பலா ஒன்று இருந்தது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆய்ந்து, சித்து என்று பெயர் வைத்து, ஒட்டுக்கன்றுகள் விற்கும் உரிமத்தில் வரும் பணத்தில் 75 சதவீதம் அந்தக் குடும்பத்துக்கு என்று 2017-ல் ஒப்பந்தம் போட்டது. இந்தியாவில் 2001-ல் வந்த பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின் கீழ் விவசாயியே தன் இரகத்தைப் பதிவு செய்துகொள்ளவும் முடியும்.

எல்லாருக்கும் செம்புச் சுளை கிடைக்காது. மூலைமரம் மாதிரி சாதாரணப் பழம் காய்க்கும் மரங்களுக்கு? அதற்கு நான் கண்ட ஒரே பதில், பத்து மரத்துக்கு இரண்டு என்று காப்பீடு மாதிரி வைத்துக்கொள்வது. நல்ல வருடத்தில் அந்த இரண்டும் வீண் என்றுதான் தோன்றும்.

20 அக்டோபர் 2024

ஃபுளோரிடா ஆரஞ்சு எண்களைப் பார்த்தவர்கள் உண்டா? 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி, 2023-24-ல் 1.8 கோடிக்குள். 2005-ல் அங்கே கண்டுபிடித்த பச்சைக்காய் நோய் பெருங்காரணம், புயல்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. தாங்கும் மரபணுவை இப்போது ஆஸ்திரேலியாவின் விரல் எலுமிச்சை போன்ற காட்டு உறவினரிடம் தேடுகிறார்கள். அந்தக் காட்டை அப்போதே யாராவது வெட்டியிருந்தால் என்று எழுத வந்தேன், மே 2022-ல் அழகான வரி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. விடுங்கள்.

9 டிசம்பர் 2024

காற்றில் மூலைமரத்தின் கிழக்குப் பெருங்கிளை முறிந்து விழுந்துவிட்டது. முறிந்த இடத்தில் உள்ளே துளை, தண்டுதுளைப்பான் வேலை, மரத்தூள் கொட்டுகிறது. குழாய் போட்டபின் அவருக்கு வாய்க்கால் தண்ணீரும் இல்லை.

17 ஜனவரி 2025

ஒட்டு வைத்து மூன்று வருடம் ஆகும்வரை பூவைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் செடி வளராது. ஒன்பதில் கிள்ளிவிட்டேன். மூன்றாம் எண்ணில் கிள்ளவில்லை, பூக்கும் தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டுமே. மே மாதம் கட்டாந்தரையில் சுருண்டு நின்ற அதே செடி. டிசம்பர் 28-ல் தெற்குக் கிளையில் முதல் பூங்கொத்து. ஜனவரி 15-ல் நடுக்கிளையில் இரண்டாவது. உச்சியில் இன்றைக்குச் செந்தளிர்தான். குழியில் போட்ட கொட்டைகளில் நாலு குழி முளைத்து நிற்கிறது, ஒன்றை ஆடு தின்றுவிட்டது.

இன்று காலையிலிருந்து வானம் மூட்டம்.